ஜெல் மெத்தை போட்டால் இடுப்பு வலியே வராதாம்!

வைகைக்கரையான்:
பைக்கில் முதல்முறை நெடும்பயணம் போகிற ஒருவருக்கு நெடுஞ்சாலை நாயகன் நேற்று இப்படி அருள்வாக்கு சொல்லியிருக்கிறார்: "சீட்டின் மேல் ஒரு ஜெல் மெத்தை போடுங்கள். சென்னையிலிருந்து மதுரை வரை இடுப்பு வலி எட்டிக்கூடப் பார்க்காது." ஏறத்தாழ 460 கிலோமீட்டர், ஐயா! மெத்தையை நம்பிக் கிளம்பி, உளுந்தூர்பேட்டையிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். உட்காரும்போது எடையைத் தாங்க வேண்டியவை இடுப்பெலும்பின் அடியில் உள்ள இரண்டு முனைகள். மெத்தென்ற இருக்கையில் அவை அமிழ்ந்துவிடும். பாரம் சுற்றியுள்ள தசைக்கும் வால் எலும்புக்கும் போய்ச் சேரும். முதல் அரை மணி நேரம் சுகமாக இருக்கும். பிறகு மரத்துப்போகும். கடையில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து வாங்குவது சோபாவுக்குச் சரி, பைக்குக்குச் சரிவராது.

நெடுஞ்சாலை நாயகன்:
எனக்காகத் தனி இழையே தொடங்கியிருக்கிறீர்கள், பெரிய மனது. நான் சொன்னது ஜெல், நீங்கள் திட்டுவது பஞ்சை. ஜெல் அமுங்கும்போது பக்கவாட்டில் பரவி எடையைப் பகிர்ந்துகொள்ளும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் புண் வராமலிருக்க மருத்துவமனைகளில் ஜெல் மெத்தை போடுவது எதற்காம்?

வைகைக்கரையான்:
நோயாளி யாரும் படுக்கையோடு திண்டிவனம் புறவழிச்சாலையில் 90-இல் போவதில்லை. மெத்தை மெத்தைதான். அதோடு ஜெல் வெயிலில் சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மே மாதத்தில் விக்கிரவாண்டியில் வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்து வாருங்கள். திரும்பி வந்து உட்காரும் இடம் தோசைக்கல்.

பழைய புல்லட்:
இருவருமே பின்புறத்தைத் தாண்டி யோசிக்கவில்லை. உடம்பை உலுக்குவது அதிர்வு. ராயல் என்ஃபீல்டின் பழைய 350 சிசி இன்ஜினில் அதிர்வைச் சமன்செய்யும் பேலன்சர் ஷாஃப்ட் கிடையாது. 2020-இல் மீட்டியாரிலும் 2021-இல் புதிய கிளாசிக்கிலும்தான் அது வந்தது. விரல் மரத்துப்போவதற்குப் பாதிக் காரணம் அதிர்வு, மீதிப் பாதி கைப்பிடியை நெரித்துப் பிடிப்பது. முழங்காலால் டேங்கை அணைத்துக்கொண்டால் கைக்குப் பாரமே வராது. மேடுபள்ளம் வந்தால் கால்தாங்கியில் லேசாக எழுந்து நில்லுங்கள்.

வைகைக்கரையான்:
ஐயாவுக்கு எந்த இழையானாலும் இன்ஜின்தான். டயர் காற்றழுத்தம் பற்றிக் கேட்டவருக்கும் இன்ஜின் வரலாறுதான் எழுதினார். இங்கே கேள்வி ஒன்றே ஒன்று: மெத்தை வலியைக் குறைக்குமா, கூட்டுமா? கூட்டும்.

பழைய புல்லட்:
உங்கள் வயதைவிட என் வண்டிக்கு வயது அதிகம், தம்பி. கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள்.

நூறுசிசி:
இந்த மன்றத்தில் 350-க்குக் கீழே ஓட்டுபவனை மனிதனாக மதிப்பதில்லை என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். ஸ்ப்ளெண்டரில் 60-ஐத் தாண்டாமல் போகிறேன். மணிக்கு ஒருமுறை இறங்கிப் பத்து நிமிடம் நடக்கிறேன், தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடிக்கிறேன். 80-லிருந்து 100-க்குப் போனால் நெஞ்சில் மோதும் காற்றின் விசை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. அதை எதிர்த்துக் கழுத்தும் தோளும் இறுகுவதை எந்தச் சீட்டும் தடுக்காது.

நெடுஞ்சாலை நாயகன்:
60-இல் மதுரை போய்ச் சேர்வதற்குள் தீபாவளி முடிந்து பொங்கல் வந்துவிடும்.

நூறுசிசி:
நான் போய்ச் சேருகிறேன். 110-இல் பறக்கிறவர்கள் மறுநாள் விடுப்பு எழுதுகிறார்கள்.

சாலையோரத் தும்பி:
பின்னால் உட்காருபவரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை, கவனித்தீர்களா? பல வண்டிகளில் பின் இருக்கை ஒரு பலகைத் துண்டுதான். பிடிக்க வசதியான கைப்பிடி இல்லை, பள்ளம் வருவது முன்கூட்டியே தெரிவதும் இல்லை. ஓட்டுகிற எனக்குமே சீட்டைவிடக் கால்தாங்கி எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். அதுவும் சீட்டும் நெருங்கியிருந்தால் முழங்கால் மடங்கியே கிடக்கும். 5 அடி 2 அங்குலக்காரிக்கும் 6 அடிக்காரருக்கும் ஒரே மருந்தா?

வைகைக்கரையான்:
நல்ல கருத்து, சகோதரி. ஆனால் தலைப்பு மெத்தை.

சாலையோரத் தும்பி:
நாயகனை "சகோதரா" என்றா கூப்பிட்டீர்கள்? தலைப்பு வலி. மெத்தையை உள்ளே கொண்டுவந்தவர் நீங்கள்.

வைகைக்கரையான்:
கொண்டுவந்தவர் நாயகன்! மேலே மேற்கோளே கொடுத்திருக்கிறேன். மரியாதையாகச் சொன்னதும் குற்றமாகிவிட்டது.

நெடுஞ்சாலை நாயகன்:
உலகத்தில் யாருமே மெத்தை போடுவதில்லை என்பது போலப் பேசுகிறீர்கள். அமெரிக்காவின் அயர்ன் பட் அசோசியேஷன் 24 மணி நேரத்தில் 1,000 மைல், அதாவது சுமார் 1,610 கிலோமீட்டர் ஓட்டுபவர்களுக்குச் சான்றிதழ் தருகிறது. அப்படி ஓட்டுகிறவர்களில் காற்று மெத்தை போடுபவர்களும் ஆட்டுத்தோல் விரிப்பவர்களும் உண்டு. போய் அவர்களிடம் வால் எலும்பு வகுப்பு எடுங்கள்.

வைகைக்கரையான்:
அவர்களில் பலர் சீட்டையே கழற்றி, தங்கள் உடம்பு அளவுக்குக் கெட்டியான நுரை வைத்து அகலமாகச் செய்துகொள்கிறார்கள். கெட்டியான! இந்தச் சொல்லைச் சத்தமாக ஒருமுறை படியுங்கள். ஆட்டுத்தோலும் டாக்சியில் போடும் மணி விரிப்பும் காற்றோட்டத்துக்கு. அதை நான் எங்கே மறுத்தேன்? காற்று மெத்தையிலும் காற்றைப் பாதிக்குமேல் இறக்கிவிட்டுத்தான் உட்கார வேண்டும். ஊதிப் புடைத்தால் வளைவில் இடுப்பு வழுக்கும். ஆக, அங்கேயும் என் பேச்சுதான் நிற்கிறது.

நெடுஞ்சாலை நாயகன்:
காற்று மெத்தை சரி, ஆட்டுத்தோல் சரி, மணி விரிப்பு சரி. நான் சொன்ன ஜெல் மட்டும் தவறு. சொன்ன ஆள்தான் தவறு என்று நேராகவே சொல்லிவிடுங்களேன்.

வைகைக்கரையான்:
ஆளைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் தனுஷ்கோடிப் பயணத்தில் இரவல் வாங்கிப்போன, பெட்ரோல் டேங்கின் மேல் மாட்டும் என் டேங்க் பையைப் பற்றிப் பேசுவேன். ஜிப் அறுந்து திரும்பி வந்தது.

நெடுஞ்சாலை நாயகன்:
வரும் என்று தெரியும்! அந்த ஜிப் நான் வாங்கும்போதே பல்லிளித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற நூறுசிசி சாட்சி.

நூறுசிசி:
நான் யாருக்கும் சாட்சி இல்லை. அன்று நான் வந்து சேர்வதற்குள் எல்லோரும் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள்.

பழைய புல்லட்:
டேங்க் பையை நெஞ்சில் முட்டும் அளவுக்கு நிரப்பினால் முதுகு பின்னால் தள்ளப்பட்டுக் கூன் விழும். கீழ்முதுகு வலிக்கு அதுவும் ஒரு காரணம். பாரத்தைப் பின்சக்கரத்தின் இருபுறமும் தாழ்வாகக் கட்டுங்கள். பழைய இன்ஜினில் இன்னொரு சிக்கல் என்னவென்றால்...

வைகைக்கரையான்:
ஐயா, இன்ஜின் வேண்டாம். நாயகன் இன்னும் பதில் சொல்லவில்லை. மூன்று மணி நேரம் கழித்து உங்கள் ஜெல் அமுங்கியே கிடக்குமா, கிடக்காதா?

நெடுஞ்சாலை நாயகன்:
முதலில் பையின் விலையைச் சொல்லுங்கள். அனுப்பிவிடுகிறேன்.

வைகைக்கரையான்:
பணம் யார் கேட்டது? அமுங்குமா, அமுங்காதா?

சாலையோரத் தும்பி:
பின் இருக்கை பற்றித் தனி இழை தொடங்குகிறேன். மெத்தைக்காரர்கள் அந்தப் பக்கம் வர வேண்டாம்.

வைகைக்கரையான்:
வருவேன். அங்கேயும் யாராவது ஜெல் என்று எழுதத்தான் போகிறார்கள்.