எஸ்க்ரோவுக்குத் தமிழில் என்ன சொல்? அனாமத்து, கட்டளை, இடைவைப்பு

செ. எழுதியது:

வணக்கம்.

அமெரிக்காவில் வீட்டுக்கடன் வாங்கியவர்களுக்கான கையேடு ஒன்று தமிழில் தயாராகிறது. ‘எஸ்க்ரோ’ என்ற சொல்லில் வேலை நிற்கிறது. மாதத் தவணையோடு வீட்டுவரிக்கும் வீட்டுக் காப்பீட்டுக்கும் சேர்த்துப் பணம் வாங்கி வைத்துக்கொண்டு, கெடு வரும்போது கவுண்டி (மாவட்டம் போன்ற உள்ளாட்சி) அலுவலகத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் கட்டுகிறார்களே, அந்தக் கணக்கு. எஸ்க்ரோ என்றே எழுதிவிடலாம்தான். ஆனால் தவணை திடீரென்று ஏறும்போது ‘வட்டியை ஏற்றிவிட்டார்கள்’ என்று பலர் நினைக்கிறார்கள். நிலையான வட்டிக் கடனில் வட்டி ஏறாது. ஏறியது இந்தக் கணக்கின் பங்கு. சொல்லிலேயே அது கொஞ்சம் தெரிந்தால் நல்லது.

என் முன்மொழிவு: அனாமத்துக் கணக்கு. ‘அமானத்’ என்ற மூலத்துக்கு ‘நம்பி ஒப்படைத்தது’ என்றுதானே பொருள்?

ந. மறுமொழி:

> அனாமத்துக் கணக்கு

வேண்டாம். மூலப்பொருள் சரிதான், ஆனால் அந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார். எந்தத் தலைப்பில் வைப்பது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக வைக்கும் கணக்குக்கே வணிகவியல் பாடநூல்களில் அனாமத்துக் கணக்கு என்று பெயர். அமெரிக்க வீட்டுக்கடனில் அப்படி ஒரு கணக்கு வேறாக, எஸ்க்ரோவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டையும் குழப்பினால் வாசகருக்குப் பண நட்டம்.

தவணை 2,400 டாலர், அதில் 100 டாலர் எஸ்க்ரோ ஏற்றம் தவறு என்று வைத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் 2,300 மட்டும் அனுப்பினால், 2,300 வரவாகி 100 பாக்கி நிற்கும் என்று நினைப்போம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. முழுத் தவணைக்குக் குறைந்த தொகை என்று சொல்லி 2,300-ஐயும் அனாமத்தில் போட்டுவிடுவார்கள். அந்த மாதம் கட்டாத மாதம். தாமதக் கட்டணம் விழும். 30 நாள் தாண்டினால் கடன் மதிப்பெண்ணும் அடிபடும். அனாமத்தில் ஒரு முழுத் தவணை சேர்ந்த பிறகுதான் வரவு வைப்பார்கள். எனவே கணக்கு தவறென்று தெரிந்தாலும் கேட்ட தொகையை முழுதாகக் கட்டிக்கொண்டே சண்டை போட வேண்டும். இந்த வரியைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

இ. மறுமொழி:

இலங்கை வழக்கில் ‘நம்பிக்கைப் பொறுப்பு’ நன்றாக வேரூன்றிய சட்டச்சொல். ‘நம்பிக்கைப் பொறுப்புக் கணக்கு’ என்றால் பணம் யாருடையது, யார் கையில் இருக்கிறது என்ற இரண்டும் விளங்கும்.

கோயில் வழக்கிலிருந்து இன்னொன்றும் தோன்றுகிறது: கட்டளை. இன்ன பூசைக்கு என்று பணத்தைக் கட்டி வைப்பது கட்டளை. வாங்கியவர் அந்தப் பணிக்கு மட்டுமே செலவிட வேண்டும். எஸ்க்ரோவின் தன்மை அதுவேதான்.

ந. மறுமொழி:

> நம்பிக்கைப் பொறுப்புக் கணக்கு

பணத்தை வைத்திருப்பவரைச் சட்டம் அறங்காவலராக நடத்தினால் இது பொருந்தும். இந்தக் கணக்கில் அந்த உறவு உண்டா என்பது மாநிலத்துக்கு மாநிலம், ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். வட்டியைப் பாருங்கள்: கலிபோர்னியாவும் நியூயார்க்கும் இந்தப் பணத்துக்குக் குறைந்தது 2 விழுக்காடு வட்டி தரச் சொல்கின்றன, பல மாநிலங்களில் ஒன்றும் இல்லை. நியூயார்க்கின் விதி தேசிய வங்கிகளைக் கட்டுப்படுத்துமா என்ற கேள்வி 2024-இல் உச்ச நீதிமன்றம் வரை போய், விடை கிடைக்காமல் கீழ்நீதிமன்றத்துக்கே திரும்பியது. இல்லாத உரிமை ஒன்றை வாசகருக்கு நாம் சொல்லால் வாக்குக் கொடுக்கக் கூடாது.

> கட்டளை

அழகான சொல். ஆனால் ‘உங்கள் கட்டளைக் கணக்கில் குறைவு’ என்று கடிதம் வந்தால், இன்றைய வாசகர் யார் உத்தரவு போட்டார் என்றுதான் தேடுவார்.

நான் முன்வைப்பது இடைவைப்பு. கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையில் ஒருவர் கையில் இருக்கும் வைப்பு. யார் நல்லவர், யார் காவலர் என்று அது எதுவும் சொல்வதில்லை.

க. மறுமொழி:

இடைவைப்பு எனக்கும் சம்மதம், ஒரு திருத்தத்தோடு. வீடு வாங்கும்போது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே மூன்றாமவர் பணத்தை வைத்திருப்பதும் எஸ்க்ரோதான். கடன் தொடங்கிய பின் மாதாமாதம் சேர்வதும் எஸ்க்ரோதான். கலிபோர்னியாவில் இரண்டாவதை ‘இம்பவுண்ட்’ என்று பிரித்துச் சொல்கிறார்கள்; மற்ற இடங்களில் ஒரே பெயர். முதலாவதை இடைவைப்பு என்றும் இரண்டாவதைத் தவணை இடைவைப்பு என்றும் வைத்துக்கொள்வோம்.

கடனை வசூலித்து நடத்தும் நிறுவனத்துக்கு ‘கடன் பேணுநர்’ என்று ஒரு யோசனை முன்பு வந்தது. அவர்கள் கணக்கு வைக்கும் அழகைப் பார்த்தால் ‘பேணுதல்’ என்று எழுதக் கை வரவில்லை. தவணை நிர்வாகி போதும்.

உண்மையில் இந்த ஒரு சொல்லை விட அதைச் சுற்றியுள்ள ஐந்து சொற்களே முக்கியம். எந்தக் குறைவையும் ‘பற்றாக்குறை’ என்று ஒரே சொல்லில் எழுதிவிடுகிறோம். ரெஸ்பா என்ற அமெரிக்க வீட்டுக்கடன் சட்டத்தின் கீழுள்ள ஒழுங்குவிதி எக்ஸ், பிரிவு 1024.17, அவற்றை வேறு வேறாக வைத்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் திருப்பிக் கட்டும் விதியும் வேறு. ஒரு கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

கலிபோர்னியா வீடு. ஆண்டு வரி 7,200, இரண்டு பாதியாக: ஒன்று ஏப்ரல் 10-க்குள், மற்றொன்று டிசம்பர் 10-க்குள், தலா 3,600. காப்பீடு ஜூலையில் 1,800. மொத்தம் 9,000, மாதம் 750. கணக்கு ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. பூச்சியத்தில் தொடங்கி மாதாமாதம் 750 சேர்த்தால் மார்ச் முடிவில் 2,250. ஏப்ரலில் 3,000 ஆகி 3,600 வெளியே போகும்: 600 கீழே. ஆண்டின் மிகத் தாழ்ந்த இடம் இதுதான் (ஜூலையில் 150 கீழே, டிசம்பரில் சரியாகப் பூச்சியம்). அந்தத் தாழ்ந்த இடத்திலும் கையில் இருக்க வேண்டும் என்று நிர்வாகி கேட்கக்கூடிய உபரிக்கு வரம்பு ஆண்டுச் செலவில் ஆறில் ஒரு பங்கு, அதாவது இரண்டு மாதப் பணம்: 1,500. ஆக ஜனவரித் தொடக்கத்தில் இருக்க வேண்டியது 600 + 1,500 = 2,100.

அந்த 1,500-க்குச் சொல்: தாங்கிருப்பு. காப்பிருப்பு என்றால் காப்பீட்டோடு குழம்பும். 2,100-க்கு: இலக்கிருப்பு.

ஜனவரியில் உண்மையில் 1,300 இருந்தால் 800 குறைகிறது, ஆனாலும் கணக்கில் பணம் இருக்கிறது. இது இலக்குக்குறை. ஒரு மாதப் பங்கான 750-ஐ எட்டிவிட்டதால், நிர்வாகி அதை மொத்தமாகக் கட்டச் சொல்ல முடியாது. குறைந்தது 12 மாதத்துக்குப் பரப்ப வேண்டும். 500 மட்டும் குறைந்திருந்தால் 30 நாளில் கேட்கலாம்.

கணக்கே பூச்சியத்துக்குக் கீழே 400 போயிருந்தால் அது எதிரிருப்பு. நிர்வாகி தன் கைப்பணத்தைப் போட்டு வரி கட்டியிருக்கிறார் என்று பொருள். அந்த 400 ஒரு மாதப் பங்குக்குக் குறைவு என்பதால் 30 நாளில் கேட்கலாம். ஒரு மாதப் பங்கோ அதற்கு மேலோ என்றால் குறைந்தது இரண்டு சம தவணைகளாகத்தான் கேட்க முடியும். அதோடு 2,100 இலக்குக்குறையும் தனியாக நிற்கும். இரண்டையும் கூட்டி ‘பற்றாக்குறை 2,500, உடனே கட்டுக’ என்று வரும் கடிதம் தவறு. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் அந்தத் தவறு கண்ணில் படாது.

ஐந்தாவது, இலக்கைத் தாண்டியது: மிகுவைப்பு. 50 டாலரோ அதற்கு மேலோ இருந்தால், தவணை பாக்கியில்லாதவருக்குக் கணக்காய்வு முடிந்த 30 நாளில் திருப்பித் தர வேண்டும்.

செ. மறுமொழி:

தெளிவாயிற்று, நன்றி. ஒரு ஐயம்: ‘வரி மாதத்துக்கு 100 டாலர்தான் கூடியது, தவணை ஏன் 233 கூடியது?’ இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. இதில் எந்தச் சொல்?

க. மறுமொழி:

அதே வீட்டில் வரி 7,200-இலிருந்து 8,400 ஆகிறது. பழைய 750-ஏ வாங்கிக்கொண்டு நிர்வாகி புது ரசீதைக் கட்டிவிடுகிறார். ஆண்டு முடிவில் 2,100 இருக்க வேண்டிய கணக்கில் 900. புது மாதப் பங்கு 850. புது இலக்கிருப்பு 2,500 (ஏப்ரல் பள்ளம் 800, தாங்கிருப்பு 1,700). இலக்குக்குறை 1,600, பன்னிரண்டால் வகுத்தால் 133.33. ஆக 850 + 133.33 = 983.33. பழைய 750-ஐக் கழித்தால் 233.33. இதில் பிழை எதுவும் இல்லை. 1,600-ஐ ஒரே காசோலையில் கட்டினாலும் தவணை 850-க்குத்தான் இறங்கும், 750-க்கு அல்ல. கட்டிவிட்டு ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்று எழுதுபவர்கள் நிறையப் பேர். இந்த இடத்தில் நிர்வாகி மேல் குற்றமில்லை.

குற்றம் இருக்கும் இடங்கள் வேறு. கையேட்டுக்கு அவையே தேவை.

கடன் ஒரு நிர்வாகியிடமிருந்து இன்னொருவருக்கு மாறும் மாதத்தில்தான் பாதிக் குழப்பமும் பிறக்கிறது. வரி ரசீது பழையவருக்குப் போகும். புதியவர் தரவில் மனை எண் ஓர் இலக்கம் பிசகி ஏறினால் பக்கத்து வீட்டு வரி கட்டப்படும். காப்பீட்டுப் பத்திரத்தில் பழைய நிர்வாகியின் பெயரே நிற்கும். மாற்ற அறிவிப்பு இரு தரப்பிலிருந்தும் வர வேண்டும்: பழையவர் 15 நாள் முன்பு, புதியவர் 15 நாளுக்குள். இரண்டையும் சேர்த்து ஒரே கடிதமாக 15 நாள் முன்பும் அனுப்பலாம். மாறிய பின் 60 நாள் வரை, கெடுவுக்குள் பழையவருக்குத் தவறிப்போய் அனுப்பிய தவணையைத் தாமதம் என்று கொள்ள முடியாது. அறிவிப்பு வந்த வாரமே வீட்டுக்காரர் செய்ய வேண்டியது: காப்பீட்டு முகவரிடம் சொல்லி அடமானதாரர் (கடன் தந்த தரப்பு) பெயரையும் புதுக் கடன் எண்ணையும் மாற்றுவது, கவுண்டி வரித் தளத்தில் மனை எண்ணைப் போட்டு, கெடுவுக்குப் பத்து நாள் முன்பே கட்டப்பட்டதா என்று பார்ப்பது.

காப்பீடு விடுபட்டுவிட்டதாக நினைத்து நிர்வாகி தானே அதிக விலைக்கு ஒன்றை வாங்கி நம் தலையில் கட்டுவதற்கு திணிப்புக் காப்பீடு என்பேன். கட்டணம் போடுவதற்குக் குறைந்தது 45 நாள் முன்பு முதல் அறிவிப்பு, பிறகு ஒரு நினைவூட்டல் கட்டாயம். நம் பத்திரம் நடப்பில் இருந்ததற்குச் சான்று கொடுத்தால் 15 நாளில் ரத்து செய்து, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்த காலத்துப் பணத்தைத் திருப்ப வேண்டும்.

ந. மறுமொழி:

இதனோடு சேர்த்து, நிர்வாகியின் தவறைச் சுட்டி நாம் எழுதும் கடிதத்துக்கும் சொல் வேண்டும். தொலைபேசியில் திட்டுவது சட்டத்தின் கண்ணில் ஒன்றுமே இல்லை. அதே ஒழுங்குவிதியின் பிரிவு 1024.35-இன்படி எழுத்தில் அனுப்புவதுதான் கணக்கு: பிழையறிவிப்பு. ‘புகார்’ வேண்டாம், அது அமெரிக்க அரசின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு வாரியத்துக்குத் தனியாகப் போடுவது. இரண்டும் செய்யலாம், ஆனால் ஒன்று மற்றொன்றாகாது.

பிழையறிவிப்பு கெடுவதற்கு முதல் காரணம் முகவரி. தவணை அனுப்பும் முகவரி வேறு, நிர்வாகி இதற்கென்று அறிவித்த முகவரி வேறு. மாதக் கணக்கறிக்கையின் பின்பக்கத்திலோ இணையதளத்திலோ இருக்கும். அங்கேதான் போக வேண்டும். தவணைச் சீட்டின் ஓரத்தில் கிறுக்கி அனுப்புவதும் செல்லாது. உள்ளே பெயர், கடன் எண், எது பிழை என்று ஒரு வரி (‘இன்ன தேதிக்குள் கட்ட வேண்டிய வரி கட்டப்படவில்லை, இவ்வளவு அபராதம்’), கவுண்டி ரசீதின் நகல். ஒப்புகை அஞ்சலில் அனுப்புவது நல்லது. வந்து சேர்ந்த 5 வேலைநாளில் ஒப்புதல், 30 வேலைநாளில் திருத்தம் அல்லது காரணத்தோடு பதில். தேவையானால் சொல்லிவிட்டு இன்னும் 15 வேலைநாள் எடுக்கலாம். அறிவிப்பு சேர்ந்ததிலிருந்து 60 நாள், சர்ச்சைக்குரிய தவணையைப் பற்றிக் கடன் மதிப்பீட்டு நிறுவனங்களுக்குப் பாதகமாக எதுவும் அனுப்பக் கூடாது.

தவணை 30 நாளுக்கு மேல் பாக்கியில்லாதவரின் வரியை, கணக்கில் பணம் போதாவிட்டாலும், அபராதம் விழாமல் கட்டுவது நிர்வாகியின் கடமை. கலிபோர்னியாவில் கெடு தவறினால் 10 விழுக்காடு அபராதம், 3,600-க்கு 360. டெக்சாஸில் ஜனவரி 31 தாண்டினால் பிப்ரவரியிலேயே அபராதமும் வட்டியும் சேர்ந்து 7 விழுக்காடு. அதை வீட்டுக்காரர் கணக்கில் ஏற்றியிருந்தால் பிழையறிவிப்பில் தனித் தொகையாகக் கேட்க வேண்டும். ‘சரி செய்யவும்’ என்று பொதுவாக எழுதினால் வரியை மட்டும் கட்டிவிட்டு அபராதத்தை இலக்குக்குறைக்குள் புதைத்துவிடுவார்கள்.

இ. மறுமொழி:

இடைவைப்பு, தவணை இடைவைப்பு, தாங்கிருப்பு, இலக்கிருப்பு, இலக்குக்குறை, எதிரிருப்பு, மிகுவைப்பு, திணிப்புக் காப்பீடு, பிழையறிவிப்பு: எனக்கு மறுப்பில்லை. எதிரிருப்பு மட்டும் ‘எதிர் இருப்பு’ என்று பிரிந்து வந்தால் எதிர்கால இருப்பு என்று படிக்க இடமுண்டு. சேர்த்தே எழுதும்படி ஒரு குறிப்புப் போடுங்கள்.

கலிபோர்னியாவில் வீடு கைமாறிய பின் மறுமதிப்பீடு செய்து இடையில் வரும் கூடுதல் வரி ரசீதை என்ன சொல்வது? அது வீட்டுக்காரருக்கே நேராக வருகிறதாம்.

க. மறுமொழி:

ஆம், பொதுவாக நிர்வாகிக்கு நகல் போவதில்லை, அவர்கள் கட்டுவதும் இல்லை. ‘எஸ்க்ரோ பார்த்துக்கொள்ளும்’ என்று உறையைப் பிரிக்காமலே வைத்துவிட்டு அபராதம் கட்டுகிறார்கள். ‘துணைவரி’ என்றால் முக்கியமில்லாதது போல் ஒலிக்கிறது. ‘இடைமதிப்பீட்டு வரி’ என்று தற்காலிகமாக வைத்து, ‘இது தவணை இடைவைப்பில் சேராது, நீங்களே கட்டுங்கள்’ என்று பக்கத்திலேயே போட்டுவிடலாம். சரியான சொல்லுக்குத் தனி இழை தொடங்குங்கள்.