கீமோ போட்டுக்கொள்ளவா, வேண்டாமா? கைத்தொழில் செய்கிறவள் கேட்கிறேன்

ஊசிநூல் (பெரம்பூர்)

எல்லோருக்கும் வணக்கம். மார்பகப் புற்றுநோய்க்காக ஜூன் 19ஆம் தேதி எனக்கு இடது மார்பை எடுத்துவிட்டார்கள். இன்றோடு 25 நாள். வயது 57, மாதவிலக்கு நின்று ஆறு வருஷம் ஆகிறது. வருகிற திங்கட்கிழமை கீமோவுக்குச் சம்மதமா இல்லையா என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். நாலு நாளாகச் சரியான தூக்கம் இல்லை.

பயாப்சி ரிப்போர்ட்டில் இருப்பதை அப்படியே சொல்கிறேன். கட்டி 2.3 செ.மீ., கிரேடு 2. அக்குளில் எடுத்த 14 நெறிக்கட்டிகளில் ஒன்றில் மட்டும் புற்று இருந்தது. ஈஆர், பிஆர் (ஹார்மோனால் வளரும் கட்டியா என்று காட்டுபவை) இரண்டும் பாசிட்டிவ். ஹெர்-2 (கட்டியை வேகமாக வளரவைக்கும் புரதம்) நெகட்டிவ்.

ஆபரேஷன் செய்த டாக்டர், "நெறியில் வந்துவிட்டதும்மா, கீமோ போட்டுவிடுவதுதான் பாதுகாப்பு" என்கிறார். மூன்று வாரத்துக்கு ஒன்றாக அந்தச் சிவப்பு கீமோ மருந்து (டாக்ஸோரூபிசின்) 4 முறை, அப்புறம் வாரம் ஒன்றாக பேக்லிடாக்சல் என்ற இன்னொரு கீமோ மருந்து 12 முறை. என் தம்பி பிடிவாதமாக வேறொரு ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனான். அங்கே இருந்த டாக்டரம்மா, "உங்கள் வயதுக்கும் இந்த ரிப்போர்ட்டுக்கும் கீமோவால் கூடுதல் பலன் இருக்குமா என்று முதலில் பார்க்கலாம்" என்று ஆன்கோடைப் டிஎக்ஸ் என்ற, கட்டியின் மரபணுக்களைப் பார்த்து மதிப்பெண் போடும் பரிசோதனையைச் சொன்னார். கட்டியை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக்கை அமெரிக்காவுக்கு அனுப்புவார்களாம். எங்களிடம் கேட்ட தொகை 2 லட்சத்து 80 ஆயிரம். காப்பீட்டு கார்டு இதற்குச் செல்லாது, கைக்காசுதான் என்றார்கள்.

நாத்தனார், கீமோவே வேண்டாம், கஷாயத்தில் சரியாகிவிடும் என்கிறார். பையன் பேசவே மாட்டேன் என்கிறான், கண் கலங்குகிறது அவனுக்கு.

முடி கொட்டும் என்பது எனக்குப் பயமில்லை. என் பயம் வேறு. நான் 22 வருஷமாக ஆரி எம்பிராய்டரி வேலை செய்கிறேன். கல்யாண பிளவுஸ்தான் பெரும்பாலும். கோடவுன் தெருவில் துணி எடுத்து வருவேன், வீட்டு முன்னறையில்தான் ஃபிரேம். ஆரி பார்த்தவர்களுக்குத் தெரியும், வலது கையில் ஊசி துணிக்கு மேலே இருக்கும். இடது கை துணிக்கு அடியில் நூலைப் பிடித்து ஒவ்வொரு குத்துக்கும் ஊசியின் கொக்கியில் மாட்டிக் கொடுக்க வேண்டும். அந்தக் கையைக் கண்ணால் பார்க்க முடியாது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனிதான் அங்கே கண். பேக்லிடாக்சல் போட்டால் விரல் நுனி மரத்துப்போகும், சிலருக்கு அது திரும்பாது என்று இரண்டு டாக்டர்களுமே சொன்னார்கள். மரத்துப்போனால் நான் என்ன செய்வேன்? ஆவணி முகூர்த்தத்துக்கு 11 பிளவுஸ் வாங்கி வைத்திருக்கிறேன்.

உயிர் பெரிதா விரல் பெரிதா என்று கேட்பார்கள். உயிர்தான் பெரிது. ஆனால் எனக்குத் தேவையே இல்லாத மருந்துக்காக விரல் போய்விடக் கூடாது. இந்த நிலையைத் தாண்டி வந்தவர்கள் எப்படி முடிவு செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

குரோம்பேட்டை மகள்

அம்மா, என் அம்மாவுக்கு 2021 கடைசியில் ஆபரேஷன். அப்போது அவருக்கு 63. உங்கள் ரிப்போர்ட் மாதிரியேதான், நெறி மட்டும் இரண்டு. எங்களுக்கும் இதே குழப்பம்.

அந்தச் சமயத்தில்தான் ஆர்எக்ஸ்பாண்டர் என்ற ஆய்வின் முடிவு வெளிவந்திருந்தது. எங்கள் டாக்டர் தாளில் எழுதிக் காட்டி விளக்கினார். உங்களைப் போல ஹார்மோன் பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ், ஒன்று முதல் மூன்று நெறி வரை வந்தவர்கள் 5,000 பேருக்கு மேல். எல்லோருக்கும் அந்த ஆன்கோடைப் பரிசோதனையில் மதிப்பெண் 25 அல்லது அதற்குக் கீழே (மதிப்பெண் குறைந்தால் நோய் திரும்பும் ஆபத்தும் குறைவு). பாதிப் பேருக்குக் கீமோவும் ஹார்மோன் மாத்திரையும், மீதிப் பேருக்கு மாத்திரை மட்டும். மாதவிலக்கு நின்றவர்களில் ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 91, 92 பேர் நோய் திரும்பாமல் இருந்தார்கள். கீமோவால் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. மாதவிலக்கு நிற்காதவர்களுக்கு மட்டும் பலன் இருந்தது. அதனால் இளம் வயதுத் தங்கைகள் யாரும் இதைப் படித்துவிட்டுத் தங்களுக்கும் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள்.

பரிசோதனைக்குப் பணம் பெரிய பாரம்தான். பெங்களூரில் கேன்அசிஸ்ட் பிரெஸ்ட் என்று இதே நோக்கத்துக்கான வேறொரு பரிசோதனை செய்கிறார்கள், செலவு குறைவு. ஆனால் நான் சொன்ன ஆய்வு நடந்தது ஆன்கோடைப் மதிப்பெண்ணை வைத்து. இதில் எது போதும் என்று டாக்டரம்மாவிடமே கேளுங்கள்.

இன்னொன்று முக்கியம். கீமோ வேண்டாம் என்று முடிவானால் வைத்தியமே வேண்டாம் என்று ஆகிவிடாது. அம்மாவுக்கு லெட்ரோசோல் என்ற ஹார்மோன் மாத்திரை தினமும் ஒன்று. முட்டி வலியும் காலையில் கைவிரல் விறைப்பும் தாங்காமல் மூன்று மாதம் எங்களுக்குத் தெரியாமல் நிறுத்திவிட்டார். அட்டையை எண்ணிப் பார்த்துத்தான் நான் கண்டுபிடித்தேன். டாக்டரிடம் சொன்னதும் அதே வகையில் வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்தார், இப்போது பரவாயில்லை. எலும்பு அடர்த்தி ஸ்கேனும் அவ்வப்போது எடுக்கிறோம். உங்களுக்குத் தொழிலே விரல் என்பதால் இதையும் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

மூன்றாம் மாடி

அக்கா, நான் அந்த 12 பேக்லிடாக்சலும் போட்டுக்கொண்டவள். அப்போது எனக்கு 39. ட்ரிபிள் நெகட்டிவ், அதாவது ஈஆர், பிஆர், ஹெர்-2 மூன்றும் இல்லை. அந்த வகைக்கு ஹார்மோன் மாத்திரை வேலை செய்யாது என்பதால் யோசிக்க இடமே இல்லை. திரும்ப அதே நிலை வந்தால் திரும்பவும் போட்டுக்கொள்வேன். என் பெண் இப்போது ஏழாம் வகுப்பு.

கையைப் பற்றிக் கேட்டீர்கள், மறைக்காமல் சொல்கிறேன். ஐந்தாவது ஊசியில் விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி ஆரம்பித்தது. சின்ன விஷயம் என்று எட்டாவது வரை யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் நான் செய்த தப்பு. முதலிலேயே சொல்லியிருந்தால் அளவைக் குறைத்திருப்பார்கள், இல்லை தள்ளிப் போட்டிருப்பார்கள். முடிந்தபோது சில்லறைக் காசு எது ஒரு ரூபாய், எது இரண்டு ரூபாய் என்று தடவிச் சொல்ல முடியாது. கை ஒரு வருஷத்தில் பெருமளவு திரும்பியது. மூன்று வருஷம் ஆகியும் கால் விரல் மரத்தேதான் இருக்கிறது. பிளவுஸ் ஹூக் மட்டும் இன்னும் ஒரே தடவையில் மாட்ட வராது. காலையில் பெண்ணைத்தான் கூப்பிடுவேன்.

நீங்களும் நானும் ஒன்றில்லை அக்கா. நான் போட்டுக்கொண்டேன் என்பதற்காக நீங்கள் போடாதீர்கள், நாத்தனார் சொல்கிறார் என்பதற்காக விடவும் விடாதீர்கள்.

டேகேர் சிஸ்டர்

14 வருஷமாகக் கீமோ வார்டில் வேலை செய்கிறேன். மருந்தைத் தீர்மானிப்பது நான் இல்லை. ஆனால் திங்கட்கிழமை என்ன கேட்கலாம் என்று சொல்ல முடியும்.

"நல்லதா கெட்டதா" என்று கேட்காதீர்கள். "என்னைப் போல நூறு பேர் இருந்தால், மாத்திரை மட்டும் போட்டால் பத்து வருஷத்தில் எத்தனை பேருக்குத் திரும்பும், கீமோவும் சேர்ந்தால் எத்தனை பேருக்கு" என்று கேளுங்கள். டாக்டர்கள் பிரெடிக்ட் என்ற கணக்கீட்டைக் கம்ப்யூட்டரில் போட்டு, நூற்றில் எத்தனை பேர் உயிரோடு இருப்பார்கள் என்று பார்ப்பார்கள், உங்கள் எதிரிலேயே போடச் சொல்லலாம். "மூன்றில் ஒரு பங்கு குறையும்" என்று மட்டும் யாராவது சொன்னால் அதோடு விடாதீர்கள். 30 பேர் 20 ஆவதும் அதே பங்குதான், 6 பேர் 4 ஆவதும் அதே பங்குதான்.

கீமோ வேண்டும் என்றே முடிவானாலும் உங்கள் தொழிலை டாக்டரிடம் விளக்கிச் சொல்லுங்கள், இங்கே எழுதியது போலவே, அடியில் இருக்கிற கை எது என்பது வரை. பேக்லிடாக்சல் மட்டும்தான் வழி என்று இல்லை. டோசிடாக்சலை இன்னொரு மருந்தோடு சேர்த்து 4 முறை கொடுக்கும் முறையும் உண்டு, விரல் மரப்பு அதில் பொதுவாகக் குறைவு. இதயத்துக்கு எக்கோ எடுத்தாயிற்றா என்றும் பாருங்கள். இடது கையில் ஊசி குத்தவோ, பிபி கட்டவோ விடாதீர்கள், அக்குள் நெறி எடுத்த கை வீங்க வாய்ப்பு உண்டு.

கீமோ நடக்கும்போது காய்ச்சல் 100.4ஐத் தொட்டால் ராத்திரி மணி என்ன என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். விடியட்டும் என்று காத்திருந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கஷாயம் எது குடித்தாலும் டாக்டருக்குத் தெரிந்து குடியுங்கள்.

பரிசோதனைக்கு இரண்டு மூன்று வாரம் காத்திருப்பதால் ஆபத்தில்லை. ஆபரேஷனிலிருந்து மூன்று மாதத்தைத் தாண்டவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

ஊசிநூல் (பெரம்பூர்)

ஆகஸ்ட் 12. பதில் எழுத நாளாகிவிட்டது, மன்னியுங்கள்.

அந்தத் திங்கட்கிழமை சிஸ்டர் சொன்ன கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேட்டேன். டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி வைத்தார். கீமோவால் பத்து வருஷத்தில் நூற்றுக்கு இரண்டு பேருக்குக் கூடுதலாக நன்மை என்று வந்தது. அந்த இரண்டில் நான் இருப்பேனா என்று தெரிந்துகொள்ள வழி உண்டா என்று கேட்டேன். பரிசோதனை கொஞ்சம் கிட்டத்தில் கொண்டுபோகும் என்றார். ஆறு பவுன் சங்கிலியை அடகு வைத்தேன். என் வீட்டுக்காரர் மறுபேச்சுப் பேசவில்லை.

நேற்று முடிவு வந்தது. மதிப்பெண் 14. இரண்டு டாக்டர்களும் இப்போது ஒரே பேச்சு. கீமோ வேண்டாம். ரேடியேஷன் 15 நாள், லெட்ரோசோல் ஐந்து வருஷத்துக்குக் குறையாமல். குரோம்பேட்டை மகளே, மாத்திரை அட்டையை எண்ணும் வேலையை என் பையனிடம் கொடுத்திருக்கிறேன். அவன் இப்போது பேசுகிறான்.

கீமோ வேண்டியிருந்தால் போட்டுக்கொண்டிருப்பேன். அதற்கும் மனசைத் தயார் செய்துதான் போனேன்.

நேற்று சாயங்காலம் ஃபிரேம் முன்னால் உட்கார்ந்தேன். இடது தோள் இன்னும் முழுசாகத் தூக்க வரவில்லை, தினம் சுவரில் விரலால் ஏறும் பயிற்சி செய்கிறேன். ஆனால் கை துணிக்கு அடியில் போனதும் நூல் தானாக விரலுக்கு வந்துவிட்டது. மாம்பிஞ்சு டிசைன் ஒன்று போட்டு முடித்தேன். 11 பிளவுஸில் ஆறை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை என்னிடம் கற்றுக்கொண்ட பெண்ணிடம் கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் மாடி தங்கைக்கு. ஹூக்குக்குப் பதிலாகத் துணிக்குள் காந்தப் பட்டன் வைத்து முன்பக்கம் திறக்கிற மாதிரி தைக்கலாம். கிட்டே கொண்டுபோனால் அதுவே ஒட்டிக்கொள்ளும், வெளியே ஹூக் மாதிரியே தெரியும். எனக்கே ஒன்று தைத்துப் பார்த்துவிட்டேன், உள்ளே பஞ்சு வைக்க ஒரு பையும் வைத்து. நெஞ்சில் பேஸ்மேக்கர் மாதிரி எதுவும் இல்லையே? இல்லையென்றால் அளவு பிளவுஸ் ஒன்று கொடுத்தனுப்புங்கள். கூலி பேச வேண்டாம்.