மறு: ஷெப்ளர் ‘டி’ கார்புரேட்டரின் காற்று வால்வுக்கு என்ன பெயர்?

வணக்கம்.

நாம் தமிழில் எழுதிவரும் பழைய படகு எஞ்சின் பராமரிப்புக் கையேடு ஷெப்ளர் ‘டி’ மாடலில் வந்து நிற்கிறது. 1900களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் வார்த்த பித்தளைக் கார்புரேட்டர், அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம். பழைய படகுகள் சிலவற்றில் இன்றும் ஓடுகிறது. கார்புரேட்டர், ஜெட், பிஸ்டன் போன்றவற்றை மாற்ற வேண்டாம், பட்டறையில் அவைதான் புழக்கம். பக்கவாட்டில் ஸ்பிரிங் அழுத்தத்தில் உட்கார்ந்திருக்கும் காற்று வால்வுக்கு மட்டும் பெயர் வேண்டும். ‘துணைக் காற்று வால்வு’ என்று இட்டிருக்கிறேன். குழுவுக்குச் சம்மதமா?

— செ.

----

செ. அவர்களுக்கு,

‘துணை’ என்றால் அது இல்லாமலும் எஞ்சின் ஓடும் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். இந்த மாடலில் அப்படி இல்லை. எஞ்சின் வேகம் ஏற ஏற, ஜெட் (பெட்ரோல் வெளிவரும் நுண்துளை) நுனியில் உறிஞ்சல் கூடுகிறது. ஒற்றை ஜெட்டில் காற்று கூடும் விகிதத்தைவிட பெட்ரோல் கூடும் விகிதம் அதிகம். குறைந்த வேகத்தில் சரியாக இருந்த கலவை, முழு வேகத்தில் கரும்புகையாக வெளியே வரும். அந்த மிகுதியை ஈடுகட்டத்தான் வால்வு திறந்து கூடுதல் காற்றை விடுகிறது. ஆகவே ‘ஈடுகாற்று வால்வு’ என்று முன்மொழிகிறேன்.

பெயரைப் பார்த்தே கை சரியான திருகுக்குப் போகும் என்பது இன்னொரு காரணம். ‘ஈடுகாற்றுத் திருகு’, ‘ஈடுகாற்று ஸ்பிரிங்’ என்று கிளைச்சொற்களும் இயல்பாகக் கிடைக்கின்றன. திருகை இறுக்கினால் வால்வு திறப்பது குறையும், காற்று குறையும், பெட்ரோலின் பங்கு ஏறும், தளர்த்தினால் நேர்மாறு. ‘துணைக் காற்று’ என்று படித்தவர் அதைச் சோக் என்று நினைத்து, குளிர்ந்த எஞ்சினை எழுப்ப இறுக்கிவிட்டு அப்படியே விட்டுவிடுவார்.

— நா.

----

நா. அண்ணா, ‘ஈடு’ பிடித்திருக்கிறது. ‘வால்வு’தான் உறுத்துகிறது. ‘ஓரதர்’, ‘தடுக்கிதழ்’ இரண்டும் ஏற்கெனவே இருக்கின்றனவே?

அதே கையேட்டில் லங்கன்ஹைமர் கலப்பு வால்வும் வருகிறது. அதில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை கிடையாது. எஞ்சின் உறிஞ்சும்போது வட்டு மேலெழுந்து, தன் இருக்கையில் இருக்கும் பெட்ரோல் துளையையும் காற்று வழியையும் ஒருசேரத் திறக்கிறது. இரண்டு துறை (போர்ட்) கொண்ட டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறையிலிருந்து கலவை பின்னால் பாயாமல் தடுப்பதும் அந்த வட்டுதான். ஷெப்ளர் வால்வு காற்றை மட்டுமே விடுகிறது. இரண்டுக்கும் ‘காற்று வால்வு’ என்றால், லங்கன்ஹைமர் வைத்திருப்பவர் பெட்ரோல் துளையைச் சுத்தம் செய்ய மறந்துவிடுவார்.

— வ.

----

வ. தம்பி சொல்வது சரி, வேறுபாடு பெயரில் தெரிய வேண்டும். லங்கன்ஹைமருக்குத் ‘தடுக்கிதழ்’ நன்றாகப் பொருந்துகிறது, பின்னோட்டத்தை உண்மையாகவே தடுக்கிறது. ஷெப்ளருக்கு ‘வால்வு’ இருக்கட்டும். ‘ஓரதர்’ அழகான சொல்தான். ஆனால் பித்தளைப் பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பவருக்கு விளக்கம் தேவைப்படும் சொல் இந்தக் கையேட்டுக்கு ஆகாது.

இன்னொன்றையும் இங்கேயே முடிவு செய்வோம். பெட்ரோல் குறைந்த கலவைக்கு வரைவில் ‘நீர்த்த கலவை’ என்று இருக்கிறது. படகு எஞ்சினுக்கு இது ஆபத்தான சொல். 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்து, அளவு மீறினால் நீரும் எத்தனாலும் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். ‘நீர்த்த’ என்று படித்தவர் கார்புரேட்டர் கிண்ணத்தின் வடிகுழாயைத் திறந்து தண்ணீர் தேடுவார். உண்மையில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியைக் கால் சுற்று திறந்திருந்தால் போதும். இலங்கைப் பாடநூல்களில் உள்ள ‘ஐதான’ (பெட்ரோல் குறைந்த), ‘செறிந்த’ (பெட்ரோல் மிகுந்த) இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தேவையான காற்று விகிதமே சற்றுக் குறைவு: சுத்தப் பெட்ரோலுக்கு 14.7க்கு 1, இதற்கு ஏறத்தாழ 14.1க்கு 1. பழைய அமைப்பிலேயே விட்டால் கலவை தானாகவே ஐதாகிவிடும்.

— நா.

----

‘ஐதான’ ஏற்றுக்கொண்டேன். அமைப்பு முறையை இந்தச் சொற்களை வைத்தே திருத்தி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

“ஈடுகாற்று வால்வு தன் இருக்கையில் மெல்லப் படியும்வரை திருகை வையுங்கள். ஊசியை விரலால் மட்டும் மூடுங்கள், முட்டியபின் அழுத்தினால் இருக்கையில் பள்ளம் விழும். அங்கிருந்து ஏறத்தாழ ஒரு சுற்று திறந்து எஞ்சினை எழுப்புங்கள். சூடேறியபின், குறைந்த வேகத்தில் சீராக ஓடும் இடத்தில் ஊசியை நிறுத்துங்கள். பிறகு அதைத் தொட வேண்டாம். அடுத்தது சுமையோடு, அதாவது புரொப்பெல்லர் தண்ணீரில் சுழலும்போது. த்ராட்டிலைத் திறந்ததும் கார்புரேட்டர் வழியே வெடித்தால் கலவை ஐதாக இருக்கிறது: ஈடுகாற்றுத் திருகைக் கால் சுற்று இறுக்குங்கள். கரும்புகையும் தடுமாற்றமும் வந்தால் தளர்த்துங்கள்.”

மிதவையைப் பற்றியும் ஒரு பத்தி வேண்டும். கார்க் மிதவை, மேலே அரக்குப் பூச்சு. எத்தனாலில் அரக்கு கரையும். கார்க் பெட்ரோலைக் குடித்துக் கனமாகும், கிண்ணத்தில் மட்டம் ஏறும், ஜெட் வழிந்து படகின் அடிப்பள்ளத்தில் சொட்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், அங்கேயே தங்கி நிற்கும். ஒரு பொறி போதும். ‘மிதவைக் கோளாறு’ என்று பொதுவாக எழுதாமல் ‘மிதவை ஊறல்’ என்றால் காரணமும் தெரியும். சோதிக்க எளிய வழி: உலர்ந்த மிதவையை எடை போட்டு, பெட்ரோலில் 24 மணி நேரம் அமிழ்த்தி, துடைத்து மறுபடி எடை போடுவது. எடை ஏறினால் மாற்றியாக வேண்டும். பெட்ரோல் ஊறாத நைட்ரோஃபில் நுரையில் செதுக்கலாம், அதற்குப் பூச்சே தேவையில்லை. ஆனால் அது கார்க்கைவிட இலேசாகவோ கனமாகவோ இருந்தால் மட்டம் மாறும். ஜெட் நுனிக்குக் கீழே ஏறத்தாழ 1.5 மி.மீ.யில் பெட்ரோல் நிற்கும்படி மிதவைக் கையை வளைத்துச் சரிசெய்ய வேண்டும்.

— செ.

----

செ. அவர்களுக்கு, முறை சரியாக இருக்கிறது. மூன்று சேர்க்கைகள்.

ஒற்றை சிலிண்டரில் உறிஞ்சல் விட்டு விட்டு வருவதால் தளர்ந்த ஈடுகாற்று வால்வு படபடக்கும். அதற்காக ஸ்பிரிங்கை இழுத்து நீட்டுவது எங்கும் நடக்கிறது, கூடவே கூடாது. சுருள்களின் இடைவெளி கெட்டு, பாதித் திறப்புக்குப் பின் ஒரேயடியாகத் திறக்கும். அதே தடிமன் கம்பியில் புதிது சுற்றுவதே வழி.

த்ராட்டில் தண்டு தேய்ந்திருந்தால் எந்தத் திருகும் நிற்காது. ஓடும்போது தண்டைச் சுற்றிக் கெட்டி எண்ணெய் தடவுங்கள். ஓட்டம் மாறினால் அங்கே காற்று கசிகிறது, வெண்கலப் புஷ் போட வேண்டும். எரியும் ஸ்பிரே எதையும் படகுக்குள் அடிக்கக் கூடாது.

கடைசியாகத் தீத்தடுப்பு வலை, அதாவது கார்புரேட்டர் வழியே வெடிக்கும்போது தீ வெளியே வராமல் காற்று வாசலில் கட்டும் வலை. 1940 ஏப்ரல் 25க்குப் பிறகு படகில் பொருத்திய பெட்ரோல் எஞ்சின்களுக்கு (வெளியே மாட்டும் அவுட்போர்டு தவிர) அமெரிக்காவில் இது கட்டாயம். அதற்கு முந்தையவற்றிலும் போடுவதே நல்லது. ஷெப்ளரில் காற்றுக்கு இரண்டு வாசல் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அடிவாசலில் மட்டும் வலை கட்டினால் ஈடுகாற்று வாசல் காப்பில்லாமல் நிற்கும். பின்வெடிப்பின் (கார்புரேட்டர் வழியே வரும் வெடிப்பின்) அழுத்தம் வால்வை இருக்கையோடு சேர்த்து மூடத்தான் செய்யும். ஆனால் அதன் தோல் வட்டு காய்ந்து ஓரம் சுருண்டிருந்தால், அந்த இடுக்கில் தீ வெளியே வரும். ஆகவே வலைக்கு முன்னால் தோல் வட்டை மாற்றும் படி வர வேண்டும். வலை கட்டியபின் காற்று சற்று நெருங்கும், ஈடுகாற்றுத் திருகை மறுபடி பார்க்கவும்.

‘பின்வெடிப்பு’ என்பதையும் சொற்பட்டியலில் சேர்த்துவிடுங்கள். புகைக்குழாயில் கேட்கும் வெடிக்கு வேறு சொல் தேடுவோம், அதன் காரணமே வேறு.

— நா.