வுட்விண்ட்: மரக்காற்று வேண்டாம்

நண்பர்களே,

நாம் தமிழாக்கும் கட்டுரைகளில், அமெரிக்க ஜாஸ் கலைஞர் சார்லி மரியானோ பற்றிய கட்டுரையின் முதல் வரியில் 'வுட்விண்ட்' (woodwind: புல்லாங்குழல், கிளாரினெட், சாக்ஸபோன் போன்ற ஊதும் கருவிகள்) என்பதற்கு "மரக்காற்றுக் கருவிக் கலைஞர்" என்று இருப்பதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். மரக்காற்று என்றால் எனக்கு வேப்பமரத்தடியில் கட்டில் போட்டுப் படுக்கும் ஞாபகம்தான் வருகிறது. அதைவிட, மரியானோ ஆயுசு முழுக்க ஊதிய ஆல்டோ சாக்ஸபோன் பித்தளையால் ஆனது. அதைப் போய் மரம் என்று எப்படி எழுதுவது? ஆங்கிலத்தில் பழக்கத்தால் ஒட்டிக்கொண்ட பெயர், நாம் ஏன் அந்தக் குழப்பத்தையும் சேர்த்து மொழிபெயர்க்க வேண்டும்?

ஊதும் கருவிகளுக்கு நம்மிடம் துளைக்கருவி என்ற பழைய சொல் இருக்கிறதே என்று போன மடலில் ஒருவர் சொன்னார். நல்ல சொல்தான், ஆனால் சங்கும் கொம்பும்கூட அதற்குள்தான் வருகின்றன, அப்படிப் பார்த்தால் டிரம்பெட்டும் துளைக்கருவியே. நமக்கு வேண்டியது அதற்குள் ஓர் உட்பிரிவு. டிரம்பெட்டில் உதடு அதிர்கிறது, வால்வை அழுத்தினால் காற்று போகும் குழாயின் நீளம் கூடுகிறது. சாக்ஸபோன், கிளாரினெட், புல்லாங்குழல், நாதஸ்வரம் எல்லாவற்றிலும் பக்கவாட்டில் உள்ள துளைகளை மூடித் திறந்துதான் சுரம் மாறுகிறது. சாக்ஸபோனில் துளை பெரிது, விரல் போதாது, அதனால் மூடிகள் பொருத்தியிருக்கிறார்கள், அவற்றையும் இயக்குவது விரல்தான். ஆகவே என் பரிந்துரை 'விரல்துளைக் கருவி'. டிரம்பெட் வகையைக் 'கொம்புக் கருவி' என்று விட்டுவிடலாம்.

இந்தச் சொல்லுக்கு மரியானோவைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார். 1923இல் பாஸ்டனில் பிறந்தவர், அங்கே பெர்க்லி இசைக் கல்லூரியில் பாடம் சொன்னவர், 1963இல் ஜாஸ் இசையமைப்பாளர் சார்லஸ் மிங்கஸின் 'தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி' இசைத்தட்டில் அந்த ஆல்டோ அழுவதைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். அதோடு நின்றிருந்தால் சாக்ஸபோன் கலைஞர் என்று எழுதிவிட்டு நாமும் தூங்கப் போயிருக்கலாம். அவரோ 1960களில் மலேசியாவுக்கு வானொலி இசைக்குழுவைப் பயிற்றுவிக்கப் போன இடத்தில் நாதஸ்வரத்தைக் கேட்டு மயங்கி, அதைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்து, பிறகு தென்னிந்தியாவுக்கே வந்து பயின்றார். ஜெர்மன் ஜாஸ் கலைஞர் எபர்ஹார்ட் வெபரின், 1975இல் பதிவான 'யெல்லோ ஃபீல்ட்ஸ்' தட்டில் சோப்ரானோ சாக்ஸபோன், ஷெனாய், நாகஸ்வரம் என்று மூன்றும் அவர் பெயருக்கு நேரே இருக்கின்றன. 1983இல் பெங்களூருவின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவோடு 'ஜோதி' என்ற தட்டு வந்தது. 2009இல் ஜெர்மனியின் கொலோனில் இறந்தார். இவரைச் சாக்ஸபோன் கலைஞர் என்றால் பாதி மனிதரை விட்டுவிடுகிறோம், மரக்காற்று என்றாலோ ஆச்சா மரத்தில் கடைந்த நாதஸ்வரம் போன்றவற்றுக்கு மட்டும் பொருந்தும்!

சரி, 'விரல்துளைக் கருவிக் கலைஞர்' நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். வகைப்பாடு சொல்லும் இடத்தில் அது இருக்கட்டும். கட்டுரையின் முதல் வரியில் "சாக்ஸபோனும் நாதஸ்வரமும் வாசித்த ஜாஸ் கலைஞர், இசையமைப்பாளர்" என்று நேரடியாகப் போட்டுவிடலாம்.

அப்புறம் ரீட், அதாவது ஊதும்போது வாயில் அதிரும் மெல்லிய இதழ். அதே கட்டுரையில் "நாணல்" என்று இருக்கிறது. அது செடியின் பெயர், ஐயா. நாதஸ்வரக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சீவாளி என்றுதான் சொல்கிறார்கள், நாதஸ்வரத்திலேயே கொத்தாகத் தொங்கவிட்டுக்கொண்டு வருவார்களே, அதுதான். நாதஸ்வரத்தில் இரண்டு இதழ் சேர்ந்து அதிர்வதால் இரட்டைச் சீவாளி, சாக்ஸபோனிலும் கிளாரினெட்டிலும் ஒற்றைச் சீவாளி, புல்லாங்குழலில் சீவாளியே கிடையாது. இதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

சாக்ஸபோன் துளையை மூடித் திறக்கும் அந்த மூடி இருக்கிறதே, ஆங்கிலத்தில் கீ (key), அதற்கு மட்டும் இன்னும் முடிவு வரவில்லை. 'விரல்மூடி' எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள். தயவுசெய்து 'சாவி' வேண்டாம்.