மூளையின் இணைப்பு வரைபடம் முழுசாக முடிந்துவிட்டதாம்!

உப்புவெளியான்:
திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஒரு ரியூசன் விளம்பரம் பார்த்தேன். "மனித மூளையின் இணைப்பு வரைபடம் 2024 இல் முழுமையாக வரையப்பட்டுவிட்டது. எமது வகுப்பில் முப்பரிமாணத்தில் காணலாம்." இதை எழுதின மகான் இந்தக் குழுவில்தான் இருக்கிறார். ஐயா, 2024 இல் ஹாவார்ட் பல்கலைக்கழகமும் கூகுளும் வெளியிட்டது மூளையின் வெளிப்படையான புறணியில் ஒரே ஒரு கன மில்லிமீட்டர். ஒரு பெண்ணுக்கு வலிப்பு நோய்க்காகச் சத்திரசிகிச்சை செய்தபோது கிடைத்த துண்டு. முழு மூளையில் ஏறத்தாழ பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. இதுதான் முழுமையா?

பயோ மாஸ்டர்:
ஒட்டினது நான்தான். ஒளிக்க என்ன இருக்கிறது? அந்தத் துண்டில் 57,000 கலங்கள், கலத்துக்குக் கலம் செய்தி தாவும் சந்திகளான சினாப்ஸ் 15 கோடி, தரவு மட்டும் 1,400 ரெராபைட். ஒரு கனசதுரத்தைச் செய்தவனுக்கு அடுத்ததைச் செய்ய எவ்வளவு நேரம்? வீட்டில் இருந்து குறை பிடிக்கிறவர்களுக்கு இது விளங்காது.

உப்புவெளியான்:
கனசதுரமா? அது தகடு மாஸ்டர், தகடு! நீளம் சுமார் 3 மில்லிமீட்டர், தடிப்பு 0.17. ஐயாயிரத்துக்கு மேல் சீவல்களாக அரிந்து இலத்திரன் நுணுக்குக்காட்டியில் படம் எடுத்தார்கள். ஒரு சீவல் 30 நானோமீட்டர் சொச்சம். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நிலாவெளி ரீச்சர்:
கன மில்லிமீட்டர் என்பது கனவளவு. தகடோ கனசதுரமோ, அது முக்கியமில்லை. மூளையின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குப் போகிற நரம்பு நார் அந்தத் துண்டில் தெரியுமா என்பதுதான் கேள்வி.

உப்புவெளியான்:
முக்கியம் ரீச்சர். 0.17 தடிப்புக்குள் நீண்ட நார் எல்லாம் இரண்டு பக்கமும் அறுந்துதான் கிடக்கும். கந்தளாய்ச் சந்தியில் நின்று ஒரு பஸ் கடக்கிறதைப் பார்த்துவிட்டு, எங்கே புறப்பட்டது, எங்கே போகிறது என்று எழுத முடியுமா?

மூதூர்ப் பெடியன்:
பஸ்ஸில் பலகை இருக்கும் அண்ணை 😂

பயோ மாஸ்டர்:
நல்லாகச் சொன்னாய் தம்பி. நீண்ட நாருக்குத்தான் மனித மூளையின் இணைப்புகளை வரையும் ஹியூமன் கனெக்டோம் திட்டம் இருக்கிறதே! 2010 இல் தொடங்கி ஏறத்தாழ 1,200 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். 2016 இல் புறணியின் ஒவ்வொரு பாதியையும் 180 பகுதிகளாகப் பிரித்தும் காட்டிவிட்டார்கள். இதுவும் தகடா?

உப்புவெளியான்:
எம்.ஆர்.ஐ. நாரைப் பார்க்கிறதே இல்லை. நாரின் போக்கில் தண்ணீர் எந்தப் பக்கம் இலேசாக நகர்கிறது என்று அளந்து, கோட்டைக் கணினி ஊகிக்கிறது. அந்தத் திட்டத்தில் படத்தின் ஒரு புள்ளி என்பது பக்கம் 1.25 மில்லிமீட்டர் உள்ள கனசதுரம். அதாவது ஒரே புள்ளி ஹாவார்ட் துண்டைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதற்குள் நார்கள் குறுக்கும் நெடுக்கும் போனால் கணினி தடுமாறும். 2017 இல் 20 குழுக்களுக்கு விடை தெரிந்த தரவைக் கொடுத்துச் சோதித்தார்கள். இருந்த நார்க் கற்றைகளில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் இல்லாத கற்றைகளை அதைவிட அதிகமாக வரைந்து வைத்தார்கள். சமிக்ஞை இந்தப் பக்கம் போகிறதா, அந்தப் பக்கம் போகிறதா என்பதும் அதில் தெரியாது. தடிப்பு 0.17 என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

குளக்கோட்டன்:
வெள்ளைக்காரன் கதையை விடுங்கள். சென்னை ஐ.ஐ.ரி. 2024 டிசம்பரில் 'தரணி' என்று கருவிலிருக்கும் சிசுவின் மூளையை 5,132 சீவல்களில் வெளியிட்டதே. அதை ஏன் ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை?

உப்புவெளியான்:
அருமையான வேலை. ஆனால் அதில் தெரிவது கலங்கள் எங்கே இருக்கின்றன என்பது. எது எதோடு இணைந்திருக்கிறது என்பது அல்ல.

குளக்கோட்டன்:
தமிழ்நாட்டில் செய்தால் மட்டும் உங்களுக்கு ஒரு 'ஆனால்' வந்துவிடும். நீலத்திமிங்கில விவாதத்திலும் இதே கதைதான்.

உப்புவெளியான்:
அதில் நான் சொன்னது சரி. மிகப் பெரிய மூளை நீலத்திமிங்கிலத்துக்கு இல்லை, ஸ்பேர்ம் திமிங்கிலத்துக்கு. கிட்டத்தட்ட எட்டுக் கிலோ. இரண்டும் நம்முடைய கடலில்தான் வருகின்றன, படகுக்காரரிடம் கேளுங்கள்.

கிண்ணியா நானா:
படகுக்காரன் மூளையை நிறுத்தா பார்த்தான்?

நிலாவெளி ரீச்சர்:
திமிங்கிலத்தை விட்டுவிட்டு இதைக் கேளுங்கள். பகுதிக்குப் பகுதி நம்பிக்கையாக வரைந்தது எலியில். அமெரிக்காவின் அலன் மூளை ஆய்வு நிறுவனம் 2014 இல் வெளியிட்டது. ஓர் இடத்தில் தீங்கில்லாத வைரஸை ஊசியால் செலுத்துவார்கள். அங்குள்ள கலங்கள் பச்சையாக ஒளிரத் தொடங்கும், பச்சை நாரின் நுனி வரை ஓடும். சில வாரம் கழித்து மூளையைச் சீவிப் பார்த்தால், புறப்பட்ட இடமும் போய்ச் சேர்ந்த இடமும் கண் முன்னே தெரியும். திசையில் சந்தேகமே இல்லை. உயிருள்ள மனிதனிடம் இதைச் செய்ய முடியாது, சிக்கல் அங்கேதான். சினாப்ஸ் வரை முழுதாக முடிந்தவை புழுவும் பழ ஈயும் போன்ற சின்ன உயிர்கள்தான். 1986 இல் புழு, 302 நரம்புக்கலம். 2024 இல் வளர்ந்த பெண் பழ ஈ, 139,255. நமக்கு 8,600 கோடி.

மூதூர்ப் பெடியன்:
அப்போ 2024 இல் 'முழுமையாக' முடிந்தது ஈயின் மூளையா? மாஸ்டர் ஈயை மனிதன் ஆக்கிவிட்டார் 😂😂

பயோ மாஸ்டர்:
தம்பி, என் வகுப்பிலிருந்து எத்தனை பேர் மருத்துவபீடம் போனார்கள் என்று கேட்டுவிட்டுச் சிரி. விளம்பரத்தில் ஒரு வரி கூடக் குறையத்தான் இருக்கும். பிள்ளை உள்ளே வந்தால்தானே பாடம்.

உப்புவெளியான்:
உள்ளே வந்த பிள்ளைக்கும் கனசதுரம் என்றுதானே சொல்லிக் கொடுப்பீர்கள்? 0.17! 0.17!

பயோ மாஸ்டர்:
எலித் துண்டு கனசதுரம்தான். 2025 இல் வந்தது, பார்வைப் புறணி, 52 கோடி சினாப்ஸ்.

உப்புவெளியான்:
இவ்வளவு நேரமும் கதைத்தது மனிதனை. இப்போது எலிக்குப் பின்னால் ஒளிகிறீர்கள்.

பயோ மாஸ்டர்:
எலியை முதலில் கொண்டுவந்தது ரீச்சர்.

நிலாவெளி ரீச்சர்:
நான் சொன்னது வேறு எலி!

கிண்ணியா நானா:
எந்த எலியாவது இருக்கட்டும். மாஸ்டர், முப்பரிமாணத்தில் காட்டப் போகிற புரொஜெக்டர் என்னுடையது. நோன்புக்கு முன்னம் வாங்கிக்கொண்டு போனீர்கள்.

பயோ மாஸ்டர்:
நானா, அதை இன்பொக்ஸில் கதைப்போம்.

உப்புவெளியான்:
ஏன், இங்கேயே கதையுங்களேன். புரொஜெக்டரும் இரவல்தானா?

குளக்கோட்டன்:
இதிலும் ஒரு 'தானா'. இந்த மனிதரை யாராவது தூக்குங்கள்.

கிண்ணியா நானா:
வயரும் சேர்த்துத்தான் கொடுத்தேன், மாஸ்டர்.