ஏற்காடு ரோட்டோரம் யார் பொறுப்பு?

சேலம் கோரிமேட்டில் ஏற்காடு ரோட்டோரம் டீக்கடை வைத்திருக்கிறேன். போன சித்திரையில் பழைய தாருக்கு மேலேயே புதுத் தார் போட்டார்கள். இப்போது தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் அரையடி பள்ளம். பஸ்ஸுக்கு ஒதுங்கும் டூவீலர்கள் சறுக்குகின்றன; ஐப்பசி மழையில் மட்டும் மூன்று பேர் விழுந்தார்கள். சாக்கடை முழுக்கப் பார்த்தீனியம், தண்ணீர் ரோட்டில்தான் ஓடுகிறது.

ஒரு அலுவலகத்தில் 'தார் மட்டும்தான் எங்களுது' என்கிறார்கள். இன்னொன்றில், 'அது மாநில நெடுஞ்சாலை, நாங்க கை வைக்க முடியாது'. நானே ஒரு லோடு கிராவல் கொட்டினேன், ஒரே மழையில் போச்சு (காசும்தான்). அந்த இடத்தின் நில அளவை வரைபட (புலப்படம்) நகல் வாங்கினால் 'சாலை புறம்போக்கு' என்று மட்டும் இருக்கிறது. தகவல் உரிமை மனு போட்டு 30 நாள் தாண்டிவிட்டது, பதில் இல்லை.

தார் விளிம்பிலிருந்து சாக்கடை வரை எந்த அலுவலகத்தின் பராமரிப்பில் இருக்கிறது என்று எழுத்தில் காட்டும் பதிவேட்டை யாரிடம் கேட்டு வாங்குவது?