புதுப்பிப்பு: ராத்திரி வேலையை நிறுத்தி வைத்த டயலாக் பெட்டி

ராத்திரி தானாக ஓடும் பில் இறக்குமதி பிழையே காட்டாமல் ஏன் அப்படியே நிற்கிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது. கோப்பைப் படிக்கும் ஃபங்ஷனுக்குள்ளேயே ஒரு கியூமெசேஜ்பாக்ஸ் (கியூட்டி என்ற நிரலாக்கத் தொகுப்பில் திரையில் கேள்வி கேட்கும் டயலாக்; அங்கே வைத்தது என் கைங்கரியம்தான்), "இந்த பில் எண் ஏற்கெனவே இருக்கிறது, மாற்றி எழுதவா?" என்று கேட்டுவிட்டு, ஆளில்லாத திரையில் விடிய விடியக் காத்திருந்திருக்கிறது.

இப்போது அந்த ஃபங்ஷன் திரையைத் தொடுவதே இல்லை, கேள்வி கேட்க ஒரு கால்பேக் (தேவைப்படும்போது கூப்பிட, வெளியிலிருந்து கொடுக்கும் ஃபங்ஷன்) மட்டும் வாங்கிக்கொள்கிறது. பகலில் அந்த கால்பேக் டயலாக்கைத் திறக்கும், ராத்திரியில் 'விட்டுவிடு' என்று பதில் தந்து லாகில் (பதிவுக் கோப்பில்) ஒரு வரி எழுதும். அப்புறம் திரை சாராத கோர் பகுதியைத் தனி லைப்ரரியாக்கி, விட்ஜெட்ஸ் (டயலாக், பொத்தான் போன்ற திரைப் பகுதிகள்) இல்லாமல் கியூட்டியின் அடிப்படைப் பகுதியான கியூட்டி கோரை மட்டும் லிங்க் செய்தேன். விட்ஜெட்ஸ் கிடைக்காமல் போனதால், ஒளிந்திருந்த இன்னும் நான்கு டயலாக்குகளை கம்பைலரே காட்டிக்கொடுத்தது. மூன்றை எடுத்தாயிற்று, பிரிண்டர் தேர்வு மட்டும் இன்னும் மல்லுக்கட்டுகிறது.